கெம்பிக்குக் கங்கம்மா கொடுத்த தண்ணீர்

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் போர்வெல் நின்றுபோனது. மோட்டாரைப் போட்டேன். இரண்டு வாளித் தண்ணீர் செம்மண் கலங்கலாக வந்தது. அப்புறம் குழாய் இருமியது. அப்புறம் வெறும் காற்று. குழாயின் வாயில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் வந்து மோட்டாரை நிறுத்தினார். "காத்துல எதுக்கு மோட்டார ஓட்டற, எரிஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

என் பெயர் மாதம்மாள். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். படித்தது எட்டாவது. எழுதிப் பழக்கமில்லாதவள். வெள்ளிக்கிழமை கங்கம்மா பூஜைக்கு வருகிறவர்கள்தான், "நடந்தத நடந்தபடி எழுது, நாலு பேருக்கு நம்பிக்கை வரும்" என்று நோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும். கங்கம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் அது சாட்சி ஆகாது.

அதற்கு முந்தின ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் பொங்கலுக்கு முன்பே தரை தெரிந்தது. மாசியில் தக்காளி நட்டிருந்தேன். போர் நின்ற நான்காம் நாள் செடி துவண்டது, எட்டாம் நாள் சருகாகிவிட்டது. அதற்குக்கூட நான் அழவில்லை. தக்காளி போனால் அடுத்த பட்டத்தில் வரும். எனக்கு இருந்த பயமெல்லாம் கெம்பியைப் பற்றித்தான்.

கெம்பி எங்கள் பசு. கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பவர்கள், மாட்டுக்கும் அப்படித்தான் பெயர் வைப்போம். அவளைப் பெற்ற அன்றைக்கே தாய்ப்பசு செத்துவிட்டது. நான்தான் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தேன். எங்களுக்கு ஒரே மகள், அவளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அவர் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் நாள் முழுக்க நான் பேசுவது கெம்பியோடுதான். அவளும் பதில் சொல்லுவாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் கெம்பி ஏழு மாதச் சினை. சினைப்பசு கோடையில் ஒரு நாளைக்கு ஆறு குடம் தண்ணீர் குடிக்கும். தெருக்குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும், அதை எவ்வளவு பிடித்தாலும் வீட்டுக்கே போதாது. டிராக்டர் தண்ணீர் கேட்டோம். ஊரெல்லாம் கேட்டது, அதனால் முறை வர ஒரு வாரம் ஆனது. வந்த தண்ணீர் மூன்று நாளைக்குத்தான் தாங்கியது. நான் அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் எல்லாம் சேர்த்து வைத்து அவளுக்குக் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் இரவெல்லாம் காலித் தொட்டியை நக்குகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது என்னால் முடியவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு எதுவும் விளங்காது.

எங்கள் நிலத்தில் ஒரு பழைய கிணறு உண்டு. என் மாமனார் காலத்தில் எங்கள் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் பாகம் பிரித்தபோது, அந்தக் கிணறு நடுவரப்பில் நின்றது. இரண்டு பேருக்கும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் கொழுந்தன் முறை. கிணற்று மேட்டில், படி தொடங்குகிற இடத்தில், மூன்று கற்கள் நட்டிருக்கும். அதுதான் கங்கம்மா. எங்கள் பக்கத்தில் கோயிலும் கோபுரமும் இல்லாமல் கிணற்றுக்குக் கிணறு கங்கம்மா இருப்பாள். முதல் தண்ணீர் இறைத்தால் அவளுக்கு ஒரு கை, முதல் காய் பறித்தால் அவளுக்கு ஒன்று. நானும் என் ஓரகத்தி கௌரம்மாவும், அதாவது என் கொழுந்தன் மனைவி, வெள்ளிக்கிழமைதோறும் சேர்ந்து மஞ்சள் பூசுவோம்.

கிணறு வற்றியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் போர் போடுவது என்று முடிவு செய்தோம். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு எங்கள் பாகம் முழுக்க நடந்தார். கிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே போர் வண்டி வருவதற்கு முதல் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கங்கம்மா கிணற்று மேட்டில் இருந்தால் தண்ணீர் இங்கே எப்படி வரும்? அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் தண்ணீரும் பின்னாலேயே வரும். இது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, முழுக்க என் புத்தி. கடப்பாரை எடுத்துக்கொண்டு போய் மூன்று கற்களையும் பெயர்த்துக் கூடையில் வைத்து, போர் போடுகிற இடத்தில் கொண்டுபோய் நட்டேன். கௌரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுநூறு அடியில் தண்ணீர் வந்தது. அடடா, அது பீறிட்டு வந்த வேகத்தைப் பார்த்து நான் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். கங்கம்மாவுக்குச் சின்னதாக ஒரு கொட்டகை போட்டு டைல்ஸ்கூட ஒட்டினேன். எங்கள் வீட்டுக்கு இல்லாத டைல்ஸ்.

கௌரம்மா ஓடி வந்தாள். அவள் ஆனேக்கல் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். கோபம் வந்தால் தமிழ் மறந்துபோகும், கன்னடத்தில் இறங்கிவிடுவாள். அன்றைக்குத் தமிழிலேயே, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கங்கம்மா எனக்கும்தான சாமி? ஒரு வார்த்த கேக்கலாமில்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதக் கை கூசுகிறது. "தண்ணியில்லாத கெணத்துக்குச் சாமி எதுக்குடி? உனக்கு வேணும்னா ரோட்டுல கல்லு நெறைய கெடக்குது. மூணு பொறுக்கி வெச்சுக்கோ."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷம் அவர்களும் போர் போட்டார்கள், ஆயிரத்து நூறு அடி. எங்கள் போரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ஊரில் யாருடைய போரில்தான் குறையவில்லை? ஆனால் நான், "என் தண்ணியத் திருடிட்டா" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார்கள். ஒருவர் முன் சீட்டு, ஒருவர் கடைசி சீட்டு. ஆறு வருஷம் இப்படியே ஓடியது. வற்றின கிணற்றில் கிழிந்த சொட்டுநீர்க் குழாய், மருந்து பாட்டில், செடியடியில் மூடாக்குப் போட்ட பிளாஸ்டிக் காகிதம் என்று கண்டதையும் நான் கொண்டுபோய்க் கொட்டினேன். கிட்டே போகாமல் எங்கள் பக்கத்துக் கரையில் நின்று வீசிவிட்டு வந்துவிடுவேன். மேட்டை ஏறிப் பார்த்ததே இல்லை.

சித்திரைக்குத் திரும்புகிறேன். போர் நின்று மூன்று வாரம் ஆனது. கெம்பிக்கு விலாவெலும்பு தெரிந்தது. கண் உள்ளே போய்விட்டது. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். தண்ணீர் சரியாக இல்லாவிட்டால் கன்று தங்காது, தாயும் தாங்காது என்றார். அன்று சாயந்திரம் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தரகர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கெழம வண்டி வரும்."

"சென மாட்ட யாரு வாங்குவாங்க, இந்தப் பஞ்சத்துல?" என்று கேட்டேன்.

யார் வாங்குவார்கள், அவள் எங்கே போவாள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் தொழுவத்துப் பக்கமே போகாமல் பின்வாசல் வழியாகக் குளிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை போர்க் கொட்டகைக்குப் போனேன். மஞ்சள் கரைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. எச்சில் தொட்டா பூச முடியும்? காய்ந்த மஞ்சளைத் தூவிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் சண்டைதான் போட்டேன். "உனக்கு டைல்ஸ் போட்டேனே, கொட்டகை போட்டேனே, நீ எனக்கு என்ன செய்தாய்?" என்றேன். சண்டை போட்டு ஓய்ந்த பிறகு அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டது இதுதான்: "அம்மா, மழை கேட்கவில்லை. போரில் தண்ணீர் கேட்கவில்லை. கெம்பி கன்று போடுகிற வரைக்கும் அவள் குடிக்கிற ஆறு குடம் தண்ணீர் மட்டும் கொடு. எங்கிருந்தாவது கொடு."

எங்கிருந்தாவது என்று நான்தான் சொன்னேன். அப்போது அதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் பூங்காவனம் வந்தாள். அவள் குடும்பம் முன்பெல்லாம் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தது. இப்போது அவள் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மாதக்கா, நாளைக்கு மழச்சோறு எடுக்கறோம். ஞாயித்துக்கெழமதான் எல்லாருக்கும் லீவு. நீங்க கூடைய புடிக்கணும்."

மழைச்சோறு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பொய்த்தால் ஊர்ப் பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு கேட்பார்கள். எல்லா வீட்டுச் சோற்றையும் ஒன்றாகக் கலந்து, வற்றின ஏரியில் உட்கார்ந்து உண்டு, வானத்தைப் பார்த்து அழுவார்கள். இருக்கிறவள் இல்லாதவள் எல்லோரும் அன்றைக்குப் பிச்சைக்காரிதான். இதில் ஒரு கட்டு உண்டு. ஒரு வீட்டைக்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. விட்டால் எடுத்த சோறு பலிக்காது.

எனக்கு உடனே புரிந்தது. ஒரு வீட்டையும் விடக் கூடாது என்றால் கௌரம்மா வீட்டையும் விடக் கூடாது. "எனக்கு ஒடம்பு சரியில்ல பூங்காவனம்" என்றேன்.

அவள் தொழுவத்தை எட்டிப் பார்த்தாள். "ஒங்க ஒடம்பா, கெம்பி ஒடம்பா?" என்று கேட்டாள். அப்புறம், "வாங்கக்கா" என்றாள். நான் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து இருபது பெண்கள் சேர்ந்தோம். மூங்கில் கூடை என் இடுப்பில். தெருத்தெருவாகப் போனோம். "மழச்சோறு போடுங்கம்மா" என்று கேட்க முதல் இரண்டு வீட்டில் எனக்குக் குரல் வரவில்லை, பிறகு வந்தது. தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு, எல்லா வீட்டுச் சோறும் கூடையில் விழுந்தது. கம்பெனி வேலைக்கு வந்த வடநாட்டுக்காரர்கள் இருக்கிற லைன் வீடுகளுக்கும் போனோம். அங்கே ஒரு பெண்ணுக்கு நாங்கள் கேட்பது புரியவில்லை. பூங்காவனம் வானத்தைக் காட்டி, கூடையைக் காட்டி, கைவிரல்களால் மழை பெய்கிற மாதிரி காட்டினாள். அந்தப் பெண் உள்ளே போய் இரண்டு சப்பாத்தி கொண்டுவந்து போட்டாள். மழைக்குச் சப்பாத்தி ஆகுமா என்று யாரோ கேட்டார்கள். "பசின்னா எல்லாம் ஆகும்" என்று பூங்காவனம் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்கப்புறம் நான் சிரித்தேன்.

கடைசியாகக் கௌரம்மா வீடு. என் கால் நின்றுவிட்டது. கூடையைப் பூங்காவனத்திடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கூடைய புடிச்சவங்கதான் கேக்கணும்கா."

எத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது தொழுவத்திலிருந்து கெம்பி கத்தினாள். எங்கள் வீடும் அவர்கள் வீடும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. அந்தக் கத்தல் என்னை அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

"கௌரம்மா, மழச்சோறு போடும்மா" என்றேன்.

ஆறு வருஷத்தில் அவளிடம் நான் பேசின முதல் வார்த்தை அதுதான். பிச்சை கேட்கிற வார்த்தை.

அவள் வெளியே வந்தாள். ஒரு குண்டான் நிறையச் சோறு. மற்ற வீட்டில் ஒரு கரண்டி போட்டார்கள், இவள் குண்டானையே கவிழ்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கெம்பிய நாளைக்கு ஓட்டிட்டுப் போறாங்களாமே?"

நான் தலையை ஆட்டினேன்.

அவள் உதடு துடித்தது. அழுகை வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. "நீரு இதெ, பா அக்கா" என்றாள். தண்ணீர் இருக்கிறது, வா அக்கா. அவ்வளவுதான். குண்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏரியில் உட்கார்ந்து அந்தச் சோற்றை உண்டபோது மற்றவர்கள் முறைக்காக அழுதார்கள். நான் நிஜமாகவே அழுதேன். உப்பில்லாத சோற்றில் உப்பு சேர்ந்துவிடும் போலிருந்தது. பூங்காவனம் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சாயந்திரம் கெம்பியை ஓட்டிக்கொண்டு போனேன். அவர்கள் தொட்டி நிலத்தில் இருக்கிறது. அதற்குப் போக வேண்டுமானால் பழைய கிணற்று மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறு வருஷமாக நான் காலெடுத்து வைக்காத இடம். மேட்டில் ஏறினேன். படி தொடங்குகிற இடத்தில், நான் பெயர்த்தெடுத்த அதே குழியில், மூன்று கற்கள்.

தார் ரோடு போடக் கொட்டிவைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கருங்கல் சல்லி. கொஞ்சம் பெரியது. ஒன்றில் பழைய தார்கூட ஒட்டியிருந்தது. மஞ்சள் பூசிப் பூசி அடை அடையாக ஏறியிருந்தது. குங்குமம், அன்றைக்குப் பறித்த ஒரு ரோஜா. கல்லின் அடியில் மண் ஈரமாக இருந்தது.

கௌரம்மா தொட்டியருகே நின்றாள். நான் அந்தக் கற்களைக் காட்டினேன்.

"நீதானக்கா சொன்ன, ரோட்டுல பொறுக்கிக்கோன்னு" என்றாள். "பொறுக்கி வெச்சுக்கிட்டேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரியவள் ஒருத்தி சொன்னாள், கேட்டு நடந்தேன் என்கிற மாதிரிச் சொன்னாள். நான் அந்தக் கற்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கங்கம்மாவை நான் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவள் இங்கேயே இருந்திருக்கிறாள். நான் குப்பை கொட்டின கிணற்றின் தலைமாட்டில், நான் எள்ளி நகையாடின கல்லில்.

"என்ன மன்னிச்சுடு" என்று நான் கல்லைப் பார்த்துச் சொன்னேனா, கௌரம்மாவைப் பார்த்துச் சொன்னேனா, எனக்கே தெரியாது. பதில் கௌரம்மாதான் சொன்னாள். "மாடு குடிக்குது பாரு அக்கா."

கெம்பி குடித்தாள். மூக்கை முக்கி, கண்ணை மூடி, நிறுத்தாமல் குடித்தாள். தொட்டியில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் குடிக்கிற சத்தத்தைவிடப் பெரிய மந்திரம் நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை தரகரின் வண்டி வந்தது. வீட்டுக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அன்று கம்பெனி பஸ்ஸில் அவர் கடைசி சீட்டுக்குப் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாராம். இரண்டு பேரும் ஓசூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறங்கும்போது தம்பி, "கெம்பி குடிச்சாளா?" என்று மட்டும் கேட்டாராம். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அதுவே பெரிய பேச்சு.

கௌரம்மா வீட்டுப் போரிலும் தண்ணீர் ஒன்றும் கொட்டவில்லை. இதை நான் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். அதை வைத்துத்தான் அவள் தன் ரோஜாத் தோட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கெம்பி குடிக்க ஆரம்பித்த பிறகு கோடியில் இருந்த இரண்டு வரிசை ரோஜாவுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டாள். காய்ந்த செடியைப் பார்த்துவிட்டு ஏன் என்று அவளைக் கேட்டேன். "பூவுக்கு வாயா இருக்குது, கத்தறதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் புல் அறுக்கப் போய்விட்டாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீட்டாரும் கிணற்றில் இறங்கினோம். நான் கொட்டின குப்பையை நானே அள்ளினேன். யாரையும் அள்ள விடவில்லை. பூங்காவனமும் அவள் வீட்டுக்காரரும் வந்து கை கொடுத்தார்கள். சேறு வாரினோம். இரண்டு பாகத்து நிலத்திலிருந்தும் மழைத் தண்ணீர் கிணற்றுக்கு வருகிற மாதிரி வாய்க்கால் வெட்டி, வழியில் ஒரு குழி தோண்டிக் கல்லும் மணலும் போட்டோம். மண் அங்கே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் இறங்கும். மழை வருமா என்று யாரும் கேட்கவில்லை. வேலை செய்கிறபோது அந்தக் கேள்வி வரவில்லை.

மழைச்சோறு எடுத்த அன்றைக்கே மழை பெய்தது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். பொய்யாகிவிடும். அன்றைக்குப் பெய்யவில்லை. அடுத்த வாரமும் பெய்யவில்லை. இருபத்து மூன்றாம் நாள், வைகாசியில், மத்தியானம் மூன்று மணிக்குக் கர்நாடகா பக்கத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்றரை மணி நேரம் அடித்தது. கௌரம்மாவும் நானும் சிமெண்டுச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டுக்கு ஓடினோம். வாய்க்காலில் செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, குழியில் இறங்கி, தெளிந்து, கிணற்றுக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் நனைந்தபடி நின்றோம். ஆனியில் இன்னும் நான்கு மழை. கிணற்றில் இரண்டு ஆள் உயரத் தண்ணீர் நின்றது. ஆடியில் எங்கள் போரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தது. முழுசாக வரவில்லை. வீட்டுக்கும் மாட்டுக்கும் போதும். தக்காளிக்குப் பதில் இப்போது கேழ்வரகுதான் போடுகிறேன்.

ஆனி மாதக் கடைசியில் கெம்பி கன்று போட்டாள். பெண் கன்று. தாய் நிறமே. கெம்பியின் தாய் செத்த மாதிரி இவளும் போய்விடுவாளோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். கௌரம்மாதான் கூட இருந்து கன்றைக் கையில் வாங்கினாள். கெம்பி எழுந்து நின்று கன்றை நக்கினாள். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். முதல் சீம்பாலைக் கங்கம்மாவுக்கு ஊற்றினேன். மீதியைக் காய்ச்சி, வெல்லம் போட்டு, முதல் தூக்கைக் கௌரம்மா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை என் கால் வாசலில் நிற்கவில்லை. அவள் ஒரு வாய் உண்டுவிட்டு, "வெல்லம் ஜாஸ்தி" என்றாள். ஆறு வருஷம் கழித்தும் என் சமையலில் குறை கண்டுபிடிக்க அவள் மறக்கவில்லை.

கங்கம்மா என் வேண்டுதலைக் கேட்டாள். நான் கேட்டபடியே கொடுத்தாள். ஆறு குடம், கன்று போடுகிற வரைக்கும், எங்கிருந்தாவது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, நான் சாகும்வரை போகமாட்டேன் என்றிருந்த ஒரே வாசலுக்கு என்னை நடத்திக்கொண்டு போனாள். இப்போது என் வாய் முன்போல் இல்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார். கொஞ்சம் இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது. கன்னடத்தில்கூட நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன், கௌரம்மாவுக்குக் கோபம் வந்தால் புரிய வேண்டுமே என்று.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஏதோ ஒரு வறட்சி இருக்கும். அம்மாவிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். கேட்டுவிட்டு, அவள் எந்த வாசலைக் காட்டுகிறாளோ அங்கே கூடையோடு போய் நில்லுங்கள். கூசும். எனக்கும் கூசியது. போய் நில்லுங்கள்.

போர்க் கொட்டகையில் இருந்த மூன்று கற்களையும் நான் எடுத்துக்கொண்டு போய்க் கிணற்று மேட்டிலேயே நட்டுவிட்டேன். இந்தத் தடவை கௌரம்மாவைக் கேட்டுவிட்டுத்தான். அவள் வைத்ததை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. அதனால் எங்கள் கிணற்றில் இப்போது கங்கம்மாவுக்கு ஆறு கல். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பேரும் சேர்ந்து மஞ்சள் பூசுகிறோம். பூசிப் பூசி எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. எது மாமனார் காலத்துக் கல், எது ரோட்டில் பொறுக்கின கல் என்று போன வாரம் கௌரம்மாவைக் கேட்டேன். அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தனக்கும் தெரியவில்லை என்றாள்.